வித்தும் கன்றும் ஒட்டும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவும் உடையும் என்பது யாவரும் அறிந்ததொன்று. உணவினுட் சிறந்த பகுதி கனி. உடைக்கு முதல் நார். இவ்விரண்டையும் நல்கும் மரஞ் செடிகள் ஒரு தலைமுறையினின்று மறு தலைமுறைக்கு எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதை ஆராய்ந்து பார்ப்பார் நம்மவருள் மிகச் சிலரே. நாம் வீட்டின் வரலாற்றை எழுதுகின்றோம். கோயிற் றிருப்பணியின் வரலாற்றை எழுதுகின்றோம். கொண்டுவிற்கக் கடல் கடந்து சென்ற நாடுகளின் வரலாற்றையும் எழுதுகின்றோம். வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நின்று மூன்று நான்கு தலைமுறைக்குப் பழந் தந்த மாமரத்தின் வரலாற்றை எழுதினாரில்லை. அம்மரம் பட்டுப்போமாயின் அதன் இனமும் அதனோடு பட்டுப்போம் என்பதைப் பலர் எண்ணிப் பார்த்ததுமில்லை. அதனை எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு அடிப்படையாக, கனிமரங்களையும் நார்ப்பயிர்களையும் பெருக்கும் முறைகளின் வரலாற்றை முதற்கண் சுருங்கக் கூறுவாம்.

தொல்காப்பிய மரபியல், ஓரறிவுயிராகிய மரஞ் செடிகளின் இளமைக்குக் கன்று, பிள்ளை, குழவி, போத்து என்னும் பெயர்கள் உரியன என்கின்றது. ஆவின் ஈற்றுக்கும் மக்கள் மகவுக்கும் வழங்கும் பெயர்களையே நம் முன்னோர் செடிக்கும் வழங்கினர். இன்றும் தென்னம்பிள்ளை என்கின்றோம், வாழைக்கன்று என்கின்றோம், முருங்கைப்போத்து என்கின்றோம். இம்மூன்றும் மூவேறு பிறப்புடையன. தென்னம்பிள்ளை காயினின்று முளைப்பது; வாழைக்கன்று தாயின் அடிக்கிழங்கினின்று கிளைப்பது; முருங்கைப்போத்து தாயின் கிளையையே தறித்து நடுவது. மாங்கன்றோ வித்தாலும் வரும், ஒட்டாலும் வரும். ஆகவே பெருக்கும் முறைகள் எத்துணையாயினும் அவை வித்தாற் பெருக்கல், உறுப்பாற் பெருக்கல் என இரண்டனுள் அடங்கும்.

இவ்விரண்டற்கும் உள்ள வேறுபாடு பெரிது. வித்து, தாய் மரத்தின் சூலும் வேறொரு மரத்தின் மகரந்தமும் கூடிப் பிறப்பது. ஆதலின் வித்தினின்று வருவது மகவேயன்றித் தாயன்று. தாயின் குணம் சிலவும் தந்தையின் குணம் சிலவும் கலந்திருக்கும். கன்று, போத்து, பதியன், ஒட்டு என்பனவோ தாயின் உடலே பிறிதோர் இடத்தில் வளர்வன. நூறாண்டுக்கு முன் ஒரு மரத்தினின்று கொண்ட ஒட்டு, அந்நூறாண்டும் கழிந்த பின்னும் அம்மரமே. அம்மரத்தின் பழச்சுவை இன்று நம் நாவிற்கு எட்டுகின்றதெனின் அஃது இவ்வழியேதான்.

இம்முறைகள் பழமையானவை. கௌடிலியரின் அர்த்தசாத்திரம், உழவுத் தலைவனது கடமை கூறுமிடத்து, கரும்பு போன்ற தண்டுகளை நடுங்கால் வெட்டுவாயில் தேன், நெய், பன்றிக் கொழுப்பு இவற்றைச் சாணத்தோடு கலந்து பூசுக என்றும், கொட்டை விதைகளுக்குச் சாணம் பூசுக என்றும் விதிக்கின்றது. நம் பக்கத்து உழவர் பருத்தி விதையைச் சாணத்திற் பிசறி உலர்த்தி விதைத்து வந்தது இதனோடு ஒப்பிடற்குரியது. விதைமேற் படிந்த பஞ்சு அடங்கி, விதைகள் ஒன்றோடொன்று பற்றாமல் கையினின்று தனித்தனியே விழுதற்கு அஃது உதவும். கி. பி. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தம் பிருகத்சங்கிதையில் விருட்சாயுர்வேதம் என ஓர் அதிகாரம் வகுத்து, பலா, வாழை, மாதுளை, திராட்சை முதலியவற்றைத் தண்டு கொண்டு நடும் முறையைக் கூறினார். ஒன்றன் உறுப்பைப் பிறிதொரு மரத்தின் வேரிலேனும் அடியிலேனும் பொருத்துதலையும் அவர் குறித்தார் என்பர். சுரபாலர் என்பார் செய்த விருட்சாயுர்வேதம் என்னும் தனிநூலின் ஏட்டுப்படி ஆக்சுபோர்டு நகரத்துப் போட்லியன் நூலகத்தில் இருந்து, 1996 ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. ஏடு காவாதொழியின் நூல் அழியும். காப்பின் கடல் கடந்தேனும் திரும்பி வரும். மரத்தின் நிலை அத்தகையதன்று. அதற்கு உயிருள்ள கிளையே ஏடு.

இனி நார்ப்பயிர்களை நோக்குவாம். நாருக்குத் தலையாயது பருத்தி. அது வித்தாற் பெருகுவது. வித்தாற் பெருகும் பயிர்க்கு உள்ள இடர், கலப்பு. தென்பாண்டிக் கரிசலில் கருங்கண்ணி முதலிய நாட்டுப் பருத்திகள் பெயர்பெற்று விளங்கின. கோவிற்பட்டியில் 1901 ஆம் ஆண்டில் அரசினர் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கினர். 1904-05 இல் கம்போடியா நாட்டினின்று அமெரிக்க இனத்ததாகிய ஒரு பருத்தி சென்னை மாகாணத்துள் வந்து, அந்நாட்டின் பெயராலேயே கம்போடியாப் பருத்தி என வழங்கலாயிற்று. சைகோனிற் கடை வைத்திருந்த நம்மவர்க்கு அந்நாட்டின் பெயர் புதிதன்று. நீண்ட இழையுடைய அப்பருத்தி, கிணற்றுப் பாசனத் தோட்டங்களிற் பரவிக் கோயம்புத்தூர் ஆலைகளின் வளர்ச்சிக்குத் துணைநின்றது.

பருத்தியின் பெயர் கெடுவது பெரும்பாலும் வயலிலன்று, அரவை ஆலையிலேயாம். பலர் கொணர்ந்த பருத்தி ஒரே பொறியில் அரைபடுங்கால் விதைகள் கலந்துவிடும். அவ்விதையை வாங்கி விதைப்பவன் எதனை விதைக்கின்றான் என்பதைத் தானே அறியான். புளிச்சை என்னும் தாழ்ந்த இனப் பருத்தியை நல்லதனோடு கலந்து விற்கும் வழக்கம் மிகுந்தமையால், அதனைத் தடுத்தற்கெனச் சென்னை மாகாணத்தில் 1932 ஆம் ஆண்டிற் சட்டமே இயற்றினர். ஒரு விதையின் தூய்மையைக் காத்தற்கு அரசின் ஆணை வேண்டியிருந்தது என்பது கருதற்பாலது. பின்னர் 1974 இல் கோயம்புத்தூரில் சுவின் என்னும் மிக நீண்ட இழைப் பருத்தி உருவாக்கப்பெற்றது. சுஜாதா, செயிண்டு வின்சென்டு என்னும் இரு பெற்றோரின் பெயர் முதலும் இடையும் சேர்ந்தமைந்தது அப்பெயர். அதற்கு முன் 1970 இல் கூர்ச்சரத்துச் சூரத்தில் சி. டி. பட்டேல் என்பார் எச்-4 என்னும் வீரியக் கலப்புப் பருத்தியைக் கண்டார். உலகில் வாணிக முறையிற் பயிராகிய முதற் கலப்புப் பருத்தி அதுவே. விளைவு மிகுதி, ஆயினும் அதன் விதையை எடுத்து வைத்து மறு ஆண்டு விதைப்பின் பயிர் ஒரு தன்மையாக வாராது. ஆண்டுதோறும் புது விதை விலைக்கு வாங்கல் வேண்டும். விதைப்பானையிற் காத்த விதையைக் கொண்டு உழுத குடியானவன் கடைக்குக் கைகட்டி நிற்கத் தொடங்கியது இக்காலந் தொட்டேயாம். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தமை குறித்து மகிழ்கின்றோம். சேலைக்குப் பெயர் நிலைத்தது போல அதற்கு நூல் தந்த நாட்டுப் பருத்திகளுக்கும் பெயர் நிலைத்திருக்குமாயின் மகிழ்ச்சி முழுமை பெறும்.

கனியும் நாரும் ஒருங்கே தருவன தெங்கும் பனையும். மரபியல், புறத்தே காழ்ப்புடையதனைப் புல் என்றும், அகத்தே காழ்ப்புடையதனை மரம் என்றும் பகுத்தது. அப்பகுப்பின்படி தெங்கும் பனையும் மூங்கிலும் எத்துணை உயர்ந்தனவேனும் புல்லேயாம். மாவும் பலாவும் புளியும் மரமாம். இப்பகுப்பை இலக்கண மரபென்று மட்டும் எண்ணி மாணாக்கர் மனப்பாடம் செய்கின்றனர். தோட்டக்காரன் கத்திக்கும் இதுவே எல்லை என்பதை யாம் வகுப்பிற் கூறுவதுண்டு. ஒட்டுக்கு இன்றியமையாதது பட்டைக்கும் கட்டைக்கும் இடையேயுள்ள வளர்படை. இரு செடிகளின் வளர்படைகள் ஒன்றையொன்று தொட்டாலன்றி ஒட்டுப் பிடியாது. அப்படை அகக்காழுடைய மரங்கட்கு உண்டு. புறக்காழுடைய புல்லினத்திற்கு இல்லை. ஆதலின் மாவை ஒட்டலாம். பனையை ஒட்டல் தோட்டக்காரனால் ஆகாது.

கிளையும் ஒட்டும் இல்லாத தெங்கிற்கு நற்றாயைத் தேர்ந்து அதன் நெற்றை இடுதலே வழி. ஆண்டு தவறாது காய்ப்பதும், நடுப்பருவத்ததும், நோயற்றதுமாகிய மரத்தின் முற்றிய நெற்றை எடுத்து, நாற்றங்காலில் முந்தி முளைத்தனவற்றையே நடுவர். 1916 இல் சென்னை அரசினர் பிலிக்கோடு, நீலேசுவரம், காசர்கோடு ஆகிய இடங்களில் தென்னை ஆராய்ச்சிப் பண்ணைகள் நிறுவினர். அவற்றுள் நீலேசுவரத்தில் ஜே. எஸ். பட்டேல் என்பார் 1930 களில் நெட்டைத் தென்னையையும் குட்டைத் தென்னையையும் கலந்து உலகின் முதற் கலப்புத் தென்னையை உண்டாக்கினார். பனைக்கு மேலும் ஓர் இடர் உண்டு. அஃது ஆண் வேறு பெண் வேறாக நிற்பது. பூக்குங் காறும் எது எதுவென்று அறியலாகாது. பூத்தற்கோ பன்னிரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகும். நம் ஆச்சிமார் முடையும் கொட்டானுக்கு ஓலை தரும் பனை, நட்டவன் பயன் கருதாது பேரனுக்காக நட்டது. இனி, நாருக்கு ஆகும் ரயில் கற்றாழை இதற்கு மறுதலை: தாயின் பக்கத்திற் கன்றீனுவதோடு, பூந்தண்டின் உச்சியிலேயே நூற்றுக்கணக்கான சிறு கன்றுகளை ஈன்று உதிர்த்துவிடும்.

தாயின் பக்கக் கன்றாற் பெருகுவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வாழை. வழிவழி விளங்கும் குடியை வாழையடி வாழை என்று வாழ்த்துதல் நம் மரபு. நாம் உண்ணும் வாழைக்கு முளைக்கும் வித்து இல்லை. அதனால் ஈட்டி போன்ற குறுகிய இலையுடைய கன்றைத் தேர்ந்து, வேரைச் சீவிச் சேற்றுக் குழம்பில் தோய்த்து நடுவர். அகன்ற இலையுடைய நீர்க்கன்று உதவாது. கன்று தாயே ஆதலின் சுவை மாறாது. இது நன்மை. தாய்க்கு வரும் நோய் கன்றுக்கும் வரும். ஒன்றைக் கொல்வது அனைத்தையும் கொல்லும். இது தீமை.

இத்தீமைக்குச் சான்று நம் கண்முன் நிகழ்ந்தது. ஆண்டுதோறும் தைப்பூசத்திற்குக் காவடி சுமந்து நடந்தே பழனி செல்லும் நம்மவர் அறியாததன்று விருப்பாட்சி வாழைப்பழம். பஞ்சாமிருதத்திற்கு உரியதாக மதிக்கப்பெறும் மலைவாழை அது. பழனி மலையின் தாழ்வரைகளிலும் சிறுமலையிலும் மானாவாரியாக விளைவது. 1970 களில் ஏறத்தாழ 18,000 எக்டேர் பரப்பில் விளைந்த மலைவாழை, பின்னர் 2,000 எக்டேர் அளவிற்குச் சுருங்கிற்று. காரணம் முடிக்கொத்து நோய். இலைகள் குறுகி உச்சியிற் கொத்தாக நிற்கும்; குலை தள்ளாது. இந்நோய் 1889 இல் பிஜித் தீவிலும், 1913 இல் இலங்கையிலும், 1940 ஐ ஒட்டிக் கேரளத்திலும் காணப்பட்டது. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி இதனைச் செடிக்குச் செடி பரப்பும். ஊருக்கு ஊர் பரப்பியவனோ மனிதனே; நோயுற்ற தாயின் கன்றை நல்ல கன்றென்று நம்பித் தோளிற் சுமந்து கொண்டுபோய் நட்டான்.

அதனை மீட்டதும் பெருக்கும் முறையே. நோயற்ற தாயின் குருத்து நுனியினின்று கடுகளவு திசுவை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் ஊட்டக் கூழில் வளர்த்து, நச்சுயிரி இல்லையென்று ஆய்ந்து தெளிந்த பின்னரே கன்றாக்கித் தருதல் திசுவளர்ப்பு முறை எனப்படும். 1962 இல் முராசிகி, சுகூக் என்னும் இருவர் அமைத்த ஊட்டக் கூழ் இம்முறை உலகெங்கும் பரவுதற்குத் துணைசெய்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இம்முறையால் விருப்பாட்சியின் நோயற்ற கன்றுகளை ஆக்கி மலைக்குத் திருப்பினர். திருச்சிராப்பள்ளியில் 1993 இல் நிறுவப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இத்துறையில் உழைத்து வருகின்றது. விருப்பாட்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒன்று கருதுக: மீட்டற்கு நோயற்ற தாய் மலையில் எங்கேனும் எஞ்சியிருந்தது. எஞ்சியிராதாயின் எப்பல்கலைக்கழகத்தாலும் அதனைப் படைத்திருக்க முடியாது. நடு அமெரிக்க நாடுகளில் ஏற்றுமதிக்கென ஒரே இனமாகிய குரோ மிசெல் வாழையையே எங்கும் நட்டு, வாடல் நோயால் 1960 ஐ ஒட்டி அதனைக் கைவிட்டு வேறோர் இனத்திற்கு மாறினர். ஒன்றையே எங்கும் நடுதலும் தீது. உள்ள ஒன்றை ஓரிடத்தே மட்டும் வைத்தலும் தீது.

இனி மாவிற்கு வருவாம். மாவில் ஒட்டு முறையைப் பெருவழக்காக்கியவர் கோவையிற் பதினாறாம் நூற்றாண்டில் வந்திறங்கிய போர்த்துகீசியரும் அவரோடு வந்த ஏசு சபைத் துறவியருமாவர் என்பது பலர் கொள்கை. ஈண்டுக் கோவை என்றது மேல்கடற் கோவா நகரை. அல்போன்சோ என்னும் மாவின் பெயர் அவர் தலைவருள் ஒருவராகிய அல்புகெர்க்கின் பெயரினின்று வந்தது. தமிழ்நாட்டிற் சேலம் மல்கோவா பெயர் பெற்றது. மல்கோவாவின் ஒட்டுக்கன்று 1889 இல் அமெரிக்காவின் புளோரிடாவிற்குச் சென்றது. 1894-95 இல் விழுந்த கடும் பனியில் உடன் சென்ற பிற கன்றுகள் பட்டுப்போக, ஒன்றே பிழைத்துக் கனிந்தது. அதன் கொட்டைகளை ஹேடன் என்னும் படைத்தலைவர் 1902 இல் ஊன்றினார். அவற்றுள் ஒன்று 1910 இற் கனிந்தபோது அது மல்கோவா அன்று. செந்நிறத்தோடு கூடிய புதியதோர் இனம். ஹேடன் என்னும் அவர் பெயராலேயே அஃது உலகச் சந்தையிற் புகழ் பெற்றது. ஆண்டுள்ள வேறொரு மாவின் மகரந்தம் கலந்தமையே அதற்குக் காரணம். வித்து புதியதைத் தரும் என்பதற்கு இது சான்று. ஆயினும் ஹேடன் போன்றது கிடைத்தல் மிக அரிது. கொட்டையின் கன்றுகள் பெரும்பாலும் தாயினும் தாழ்ந்தனவே. மேல்கடற்கரை ஒலூர் போன்ற சில மாக்கள் மட்டும் ஒரு கொட்டையிற் பல முளை தோன்றித் தாயை ஒத்த கன்றுகளைத் தருவன. நம் பக்கத்து மாக்கள் அவ்வகையின அல்ல.

எம் பள்ளிக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரில் நிகழ்ந்ததை ஈண்டுக் குறிப்பாம். பங்காளிகள் பலருக்கு உரியதாய்ப் பூட்டிக் கிடந்த வளவு ஒன்று விலைப்பட்டது. தூணும் நிலையும் கதவும் தனித்தனியே விலை பேசப்பட்டன. தோட்டத்து மாமரம் விறகுக் கணக்கிற் போயிற்று. அப்பழத்தை உண்டு வளர்ந்த ஆச்சி ஒருவர், முன்னமே எடுத்துவைத்த மூன்று கொட்டைகளைத் தம் மகன் வீட்டில் ஊன்றினார். மூன்றும் முளைத்தன; எட்டாம் ஆண்டிற் காய்த்தன. ஒன்று நாராய் இருந்தது, இரண்டு புளித்தன. அதன் பின்னரே கிளை வேண்டுமென்று எம்மிடம் வந்து கேட்டனர். கிளைக்கு யாண்டுப் போவது?

நம் நாட்டு வீடுகளின் சிறப்பை உலகம் அறியத் தொடங்கியுள்ளது. 2014 இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் ஐக்கிய நாடுகளின் உலக மரபுச் சின்னங்களுக்குரிய உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. தேக்குத் தூண் வீழினும் அளவெடுத்து வேறு தூண் நிறுத்தலாம்; தோட்டத்து மா வீழின் அளவெடுக்க ஒன்றுமில்லை. ஆகவே மரம் உயிரோடிருக்கும்போதே ஒட்டெடுத்தல் கடன்.

அது செய்யும் முறை கடினமன்று. ஓராண்டு வளர்ந்த நாட்டு மாங்கன்றைச் சட்டியோடு தாய்மரத்தருகே பரணிட்டு நிறுத்தி, கன்றின் தண்டிலும் அதே பருமனுள்ள கிளையிலும் இரண்டு அங்குல நீளம் பட்டையோடு சிறிது கட்டையையும் சீவி, சீவிய முகங்கள் பொருந்தக் கட்டுதல் நெருக்கு ஒட்டு. இரண்டு மூன்று திங்களிற் பிடித்த பின் கன்றின் தலையையும் கிளையின் அடியையும் சிறிது சிறிதாக அறுத்துப் பிரிப்பர். இதனினும் எளியது கொட்டை ஒட்டு. ஆனி ஆடியிற் புதுக்கொட்டையை முளைக்க வைத்து, பதினைந்து நாட் கன்றின் இளந்தண்டை வெட்டிப் பிளந்து, தாயின் மூன்று நான்கு திங்கட் கொம்பை ஆப்பு வடிவிற் சீவிச் செருகிக் கட்டுக. அக்கொம்பின் இலைகளை ஒரு வாரம் பத்து நாள் முன்னரே காம்பு நிற்கக் கிள்ளிவிடல் வேண்டும். மிக முதிர்ந்த மரத்தில் ஏற்ற கொம்பு கிடையாதாயின், ஒரு கிளையைக் கழித்துவிடின் புதுத்துளிர் ஓடும். அது முதிர்ந்தபின் கொள்க.

நம் குடும்பங்களில் மஞ்சள் நீர் கூட்டிப் பிள்ளை கூட்டிக்கொள்ளும் வழக்கம் யாவரும் அறிந்தது. ஒட்டும் ஒருவாறு பிள்ளை கூட்டலே. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. கூட்டிய பிள்ளை புகுந்த வீட்டின் பெயரைக் கொள்ளும். ஒட்டிய கொம்போ வேற்று வேரின் நீரை உண்டு தன் பெயரையே காக்கும்.

செய்யத்தக்கது யாதெனின், ஊர்தோறும் புள்ளிக் கணக்கெடுப்பது போல மரக் கணக்கு ஒன்றெடுக்க வேண்டும். எவ்வூர், எவர் வீட்டுத் தோட்டம், என்ன மரம், வழங்கும் பெயர், பழத்தின் நிறம், சுவை, கனியும் மாதம் என்பவற்றைப் பேரேட்டிற் பதிக. முதியோரைக் கேட்டு எழுதுக. பர்மாவினின்றோ மலாயாவினின்றோ வந்ததாயின் கொணர்ந்தவர் பெயரையும் எழுதுக. பின்னர் மரம் ஒன்றுக்கு மூன்று ஒட்டேனும் எடுத்து மூன்று வேறு ஊர்களில் நடுக. விருப்பாட்சி கற்பித்த பாடம் அதுவே. நேமத்திலும் தேவகோட்டையிலும் அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் உள்ளன; 2022 முதல் செட்டிநாட்டிலேயே அரசு வேளாண்மைக் கல்லூரியும் நடைபெறுகின்றது. ஒட்டுக் கட்டத் தெரிந்தாரை ஆண்டுக் கேட்டறியலாம். தனிச்சிறப்புடைய இனமாயின், 2001 ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி உழவர் இரகமாகப் பதிவு செய்தற்கும் வழியுண்டு.

ஆடி மாதம் ஒட்டுக்கு உரிய காலம். வீட்டை விற்பதற்குக் கூடிப் பேசும் பங்காளிகள், விலைப் பத்திரம் எழுதுமுன் தோட்டத்து மரத்திற்கு ஒட்டுக் கட்டிக்கொள்ள மூன்று திங்கள் தவணை கேட்பாராக. வாங்குவோர் அதனை மறார். வீட்டின் பங்கு ஒருவர்க்குக் குறையின் மற்றவர்க்குக் கூடும்; ஒட்டின் பங்கோ எத்துணைப் பேர் கொள்ளினும் குறைவதில்லை.